ஸ்டார் ட்ரெக் துணைக்கலன்கள்: தாய்க்கப்பல் பக்கத்தில் இல்லாதபோது எது தாங்கும்?

அளவுகோல்

ஷட்டில்கள் எனப்படும் துணைக்கலன்களை ஒப்பிடப் போனால் பேச்சு கடைசியில் "எது அழகு" என்பதில்தான் போய் நிற்கும். இங்கே கேள்வியை மாற்றி வைக்கிறேன். தாய்க்கப்பல் வேறெங்கோ போயிருக்கிறது, உடனே திரும்ப வழியில்லை. கையில் இருப்பது துணைக்கலன் ஒன்றுதான். எத்தனை பேரை, எவ்வளவு தூரம், எத்தனை நேரம் அது காப்பாற்றும்? 1966 முதல் தொடர்களிலும் படங்களிலும் வந்த கலன்களை இந்த மூன்று கேள்விகளில் நிறுத்திப் பார்ப்போம். டிஃபையன்ட் வேண்டாம். அது சின்னக் கப்பல், துணைக்கலன் இல்லை.

முதலில் தூரம். வார்ப் என்பது ஒளியை மிஞ்சிய வேகம்; 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் காலத்துக் கணக்கில், வார்ப் 9 வரை, வார்ப் எண்ணின் 10/3 அடுக்குதான் வேகம். விடை ஒளிவேகத்தின் மடங்காக வரும். ரிக் ஸ்டெர்ன்பாக்கும் மைக்கேல் ஒகுடாவும் 1991-ல் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேடு டைப் 6 ஷட்டிலுக்குக் கொடுப்பது வார்ப் 1.2, அதுவும் 48 மணி நேரம். 1.2-ஐ அடுக்கினால் 1.84. ஆக 48 மணி நேரத்தில் 88 ஒளிமணி தூரம், அதாவது பூமி–சூரியன் தூரத்தைப் போல 635 மடங்கு. புளூட்டோ சராசரியாக 40 மடங்குதான். ஒரு சூரியக் குடும்பத்துக்குள் சுற்ற இது தாராளம். ஆனால் நமக்கு மிக அருகில் உள்ள அடுத்த விண்மீன் 4.2 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. டைப் 6 அங்கே போய்ச் சேர 2 ஆண்டு 3 மாதத்துக்கு மேல் ஆகும். தாக்குப்பிடிப்பதோ இரண்டே நாள்.

ரன்னபவுட் என்ற பெரிய துணைக்கலனுக்கு வார்ப் 5. அடுக்கினால் 214. அதே 4.2 ஒளியாண்டு 7 நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். 1.84-க்கும் 214-க்கும் நடுவில் உள்ள இந்தப் பள்ளம்தான் என் பார்வையில் முக்கியமான கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை படகுகள். அந்தப் பக்கம் இருப்பவை தனியாகப் பயணம் போகக்கூடியவை.

---

வார்ப்முனை

அளவுகோல் அண்ணா, அப்படிப் பார்த்தா டெல்டா ஃப்ளையர்தானே முதல்ல வரணும்? 1998-ல வந்த 'எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்' எபிசோட்ல வாயேஜர் கப்பல் ஆட்களே கப்பலுக்குள்ள வச்சுக் கட்டினாங்க. டெட்ராபர்னியம் கலந்த வெளிக்கூடு, போர்க் இனத்தோட தொழில்நுட்பம், ஓட்டுநர் டாம் பாரிஸ் கேட்டு வாங்கின கைநெம்புகோல்கள். துறைமுகமே இல்லாத இடத்துல, இருக்கிற பொருளை வச்சு செஞ்ச கலன் இது ஒண்ணுதான். முதல் ஃப்ளையர் 2000-ல 'யுனிமேட்ரிக்ஸ் ஸீரோ'ல அழிஞ்சதும் இரண்டாவதையும் அவங்களே கட்டிட்டாங்க.

---

கப்பல்தச்சன்

தம்பி, அதே எபிசோடை இன்னொரு தடவை கவனிச்சுப் பாருங்க. போட்டிக்கு மாலோன் இனத்தோட கப்பல் வந்துட்டதால முழுச் சோதனை முடியறதுக்கு முன்னாடியே ஃப்ளையரை வாயுக் கோளுக்குள்ள இறக்கினாங்க. ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி, தகட்டுல நுண்விரிசல் விட்டது. இன்ஜினியர் பிளானா டோரஸ் உள்ளே இருந்த ஃபேசர் கதிர்த்துப்பாக்கியையும் மின்கடத்தி உறுப்புகளையும் சேர்த்து, விரிசலுக்கு மேல ஒரு விசைப்புலத்தை அந்த இடத்துலயே கட்டித்தான் காப்பாத்தினாங்க. புதுக் கலனோட முதல் ஓட்டத்துல வெளிக்கூடுதான் முதல்ல சோதிக்கப்படும். அங்கே நடந்தது அதுதான்.

ஃப்ளையரைக் குறைச்சு சொல்லலை. ஆனா அது பின்னாடி ஒரு கப்பலும் அஞ்சாறு கெட்டிக்கார இன்ஜினியர்களும் இருந்த கலன். ரன்னபவுட் அப்படி இல்லை. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரோட களம் ஒரு விண்வெளி நிலையம், அது கப்பல் மாதிரி பயணம் போகாது. 1993-ல தொடர் ஆரம்பிக்கும்போது வெளியே போய்வர இருந்ததெல்லாம் மூணு ரன்னபவுட் மட்டும். அதனால வடிவமைப்பே வேற மாதிரி. 23.1 மீட்டர் நீளம். ஓட்டுநர் அறைக்குப் பின்னாலேயே ரெண்டு பேருக்கான டிரான்ஸ்போர்ட்டர் (ஆளை நொடியில வேற இடத்துக்கு அனுப்பற கருவி). ஃபேசர், மைக்ரோ டார்பிடோ. நடுப்பகுதியை வேலைக்கு ஏத்த மாதிரி கழட்டி மாத்தலாம். பின்பக்கம் படுக்கை, மேசையோட தங்குமிடம். அந்தப் பின்பகுதி நல்லா தெரியறது 'டீப் ஸ்பேஸ் நைன்'ல இல்லை, அதே 1993-ல 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்'ல வந்த 'டைம்ஸ்கேப்'ல. பிக்கார்ட், டேட்டா, டிராய், லாஃபோர்ஜ் நாலு பேரும் அதுல பயணம் வர்றாங்க.

"எத்தனை நாள்"னு கேட்டா, படுக்கை இருக்கான்னு முதல்ல பார்க்கணும். டைப் 6-ல கிடையாது.

---

செவ்வந்தி

கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கலன்களின் உருவத்தைத் தீர்மானித்தது கதையில் வரும் விண்படையான ஸ்டார்ஃப்ளீட் இல்லை, தச்சுக்கூலி. அதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் பல இடங்களில் தவறான காரணம் சொல்லிவிடுவோம்.

1966-ல் மூலத் தொடர் தொடங்கியபோது ஷட்டிலே கிடையாது. வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்றுதான் டிரான்ஸ்போர்ட்டரைக் கொண்டுவந்தார்கள். 1966 அக்டோபரில் வந்த 'தி எனிமி விதின்' எபிசோடில் டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகிறது. கீழே ஆட்கள் குளிரில் விறைக்கிறார்கள். "ஷட்டிலை அனுப்பு" என்று ஒருவரும் சொல்வதில்லை. அனுப்ப அப்போது ஷட்டில் செட்டே இல்லை. கதைக்குள் என்ன விளக்கம் சொன்னாலும் உண்மைக் காரணம் அதுதான்.

அதன்பிறகு ஏ.எம்.டி. என்ற பொம்மைக்கிட் நிறுவனம், கிட் விற்கும் உரிமைக்கு ஈடாக முழு அளவு மாதிரியைக் கட்டச் செலவை ஏற்றது. வடிவம் தாமஸ் கெல்லாக், கட்டியது ஜீன் வின்ஃபீல்ட். இரண்டு பேருமே கார் உலகத்து ஆட்கள். சுமார் 22 அடி நீளத்தில் அது வந்து நின்றது. 1967 ஜனவரியில் ஒளிபரப்பான 'தி கலிலியோ செவன்' எபிசோடில் கேப்டன் கிர்க், கலிலியோ என்ற அந்த ஷட்டிலை 24 அடி என்கிறார். உட்புற செட்டோ தனி. அதில் நடிகர்கள் நிமிர்ந்து நடக்கிறார்கள். வெளிமாதிரியின் உயரத்துக்குள் அந்தக் கூரை அடங்கவே அடங்காது. உள்ளே காட்டியதை மெய்யாக்க வேண்டுமென்றால் வெளிக்கூட்டை 30 அடியை ஒட்டி நீட்டவேண்டும்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கதையும் இதே வழி. ஆண்ட்ரூ ப்ரோபர்ட் வரைந்த டைப் 7 வளைவும் நெளிவுமாக அழகான கலன். அதை முழு அளவில் கட்டக் கையில் பணமில்லை. இரண்டாம் சீசனில், 1989-ல், சின்னதாகத் தட்டையான பக்கங்களோடு ஷட்டில்பாட் வந்தது, அதுதான் டைப் 15. பிறகு அதே ஆண்டு வந்த ஐந்தாவது படத்துக்குக் கட்டிய ஷட்டிலை வெட்டி மாற்றி, 1991-ல் 'டார்மாக்' எபிசோடில் டைப் 6 ஆக்கினார்கள். டைப் 6 ஏன் இவ்வளவு தொடர்களில் வந்தது என்றால், முழு அளவில் கையில் இருந்தது அதுதான். நம் எல்லாருக்கும் "ஷட்டில்" என்றதும் கண்ணில் வரும் அந்தச் சாய்ந்த முகம் ஒரு மறுபயன்பாடு.

---

தூரதேசி

செவ்வந்தி அக்கா சொன்ன கலிலியோவிலேயே அளவுகோலின் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. முராசாகி 312 என்ற விண்பொருளின் பாதிப்பில் வழிதவறி டாரஸ் 2 என்ற கோளில் விழுகிறது. விழுந்ததில் எரிபொருள் குழாய் உடைந்து எரிபொருள் போய்விடுகிறது. ஏழு பேரோடு மேலெழும்ப முடியாது. 500 பவுண்டு குறைத்தாக வேண்டும், அது ஏறக்குறைய மூன்று ஆட்களின் எடை. இன்ஜினியர் ஸ்காட்டி என்ன செய்கிறார்? கைஃபேசர்களின் மின்னூட்டத்தை எரிபொருளுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் வடிக்கிறார். வெளியே ஈட்டியோடு ராட்சதர்கள். கையில் இருந்த ஒரே ஆயுதத்தையும் தொட்டிக்குள் ஊற்றியாகிவிட்டது. மேலே போனபின் ஸ்பாக் மிச்சத்தையும் வெளியேற்றிக் கொளுத்துகிறார். அந்தத் தீச்சுவடைத்தான் தாய்க்கப்பல் எண்டர்பிரைஸ் பார்க்கிறது.

35 ஆண்டு கழித்து, 2002 பிப்ரவரியில், 'எண்டர்பிரைஸ்' தொடரின் 'ஷட்டில்பாட் ஒன்' இதே முடிச்சை அவிழ்க்கிறது. அந்தக் காலத்து ஷட்டில்பாடில் வார்ப்பே இல்லை, ஒளிவேகத்தை எட்டாத இம்பல்ஸ் எஞ்சின் மட்டும். நுண் ஒருமைகள் (மிகச் சிறிய கருந்துளைகள்) கலனின் வெளிக்கூட்டைத் துளைத்துத் தகவல்தொடர்பும் காற்றும் போகின்றன. உள்ளே இருக்கும் டக்கரும் ரீடும் முதலில் செய்வது வெப்பத்தைக் குறைப்பது. மின்சாரத்தைக் காற்றுக்கு மிச்சப்படுத்தத்தான். கடைசியில் இம்பல்ஸ் எஞ்சினையே கழற்றி விட்டு வெடிக்க வைக்கிறார்கள். கப்பல் அந்த வெடிப்பைப் பார்த்துத் திரும்புகிறது.

இரண்டிலும் வேலை ஒன்றுதான். தூரம் போகும் திறனை முழுசாகக் கொடுத்து ஒரு சைகையை வாங்குகிறார்கள். போக முடியாத கலனுக்கு, பார்க்கப்படுவதுதான் பிழைக்கும் வழி. அதனால் "எவ்வளவு தூரம்" என்ற கேள்வியோடு "எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் படும்" என்பதையும் சேர்க்கச் சொல்வேன். தொலைவுச் சைகை தரும் தனிக்கருவி இந்த இரண்டு கலனிலும் இல்லாததுதான் உண்மையான குறை.

---

அளவுகோல்

சேர்த்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியில் டைப் 15 எங்கே நிற்கிறது பாருங்கள். கையேட்டுப்படி 3.6 மீட்டர் நீளம், 0.86 டன், இரண்டு இருக்கை, வார்ப் கிடையாது. ஒரு சின்ன காரின் எடைதான். மொத்த வேகமாற்றத் திறன் நொடிக்கு 12,250 மீட்டர். இதை உச்சவேகம் என்று படிக்கக்கூடாது. வேகம் எடுக்கப் பாதி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கப் பாதி வேண்டும். ஆக ஓடும் வேகம் நொடிக்கு 6,125 மீட்டர். பூமியிலிருந்து நிலா 3,84,400 கிலோமீட்டர். ஈர்ப்பை விட்டுவிட்டு வகுத்தால் 17 மணி நேரம் 26 நிமிடம். திரும்பி வர மிச்சம் எதுவும் இல்லை.

கப்பலுக்கும் பக்கத்துச் சுற்றுப்பாதைக்கும் நடுவே மட்டுமே இது ஓடவேண்டும். 'டைம் ஸ்குவேர்ட்' எபிசோடில் எல்-பாஸ் என்ற டைப் 15 கலன் விண்வெளியில் தனியாக மிதக்கும்போது எல்லாரும் திகைப்பதற்கு இந்த எண்களே போதும். இந்த வகைக் கலன் அங்கே இருக்கக் காரணமே இல்லை. (எல்-பாஸ் என்ற பெயர் அப்பல்லோ திட்டத்தில் பணியாற்றிய ஃபரூக் எல்-பாஸைக் கௌரவித்து வைத்தது. இன்னொரு ஷட்டில்பாட் ஒனிசுகா, சேலஞ்சரில் உயிரிழந்த எலிசன் ஒனிசுகாவின் பெயர். டிஃபையன்டின் ஷட்டில்பாடுக்கு அப்பல்லோ 1-ல் இறந்த ராஜர் சாஃபியின் பெயர். சின்னக் கலன்களுக்கு இந்தப் பெயர்களை வைத்தவர்களுக்கு என் மரியாதை.)

---

வார்ப்முனை

அப்போ ரன்னபவுட் அவ்வளவு உறுதின்னா ஏன் அத்தனை போச்சு? யாங்சீ கியாங் 1993-லயே 'பேட்டில் லைன்ஸ்'ல நொறுங்கிடுச்சு. கங்கைப் பேரு வச்ச கேன்ஜீஸ் 1994-ல 'ஆர்மகெடான் கேம்'ல போச்சு. 1995-ல மீகாங்கும் ஒரினோகோவும். 1997-ல யூகான்.

---

கப்பல்தச்சன்

பட்டியல் சரி. ஒவ்வொண்ணும் எப்படிப் போச்சுன்னு பிரிச்சுப் பாருங்க. யாங்சீ கியாங்கைத் தற்காப்புச் செயற்கைக்கோள் சுட்டு வீழ்த்திச்சு. கேன்ஜீஸை ஆளில்லாம ஓட்டி எதிரியை ஏமாத்த விட்டாங்க, சுட்டுட்டாங்க. மீகாங் ஒரு பெரிய போருக்கு நடுவுல எதிரிகளான ஜெம்ஹதார் கப்பல்கள்கிட்ட மாட்டிச்சு. ஒரினோகோ நாசவேலை. யூகானைக் கடத்தினது டாக்டர் பஷீர் வேஷத்துல வந்த சேஞ்ச்லிங், அதாவது உருமாறும் எதிரி. குண்டோட சூரியனை நோக்கிப் போனதை அழிக்க வேண்டியதாச்சு. இதுல ஒண்ணுகூட எஞ்சின் நின்னோ காத்து தீர்ந்தோ போகலை. ஆளை அடிக்கிற இடத்துக்கு அனுப்பினா அடி விழும்.

புழுத்துளையைக் கண்டுபிடிச்ச முதல் ஓட்டத்துல போன ரியோ கிராண்டே ஏழு சீசனும் தாண்டி நின்னுச்சு. அதுவும் அதே வகைதான்.

ஷட்டில் இழப்புன்னு பேசினா வாயேஜரைப் பேசணும். 1995-லயே துணைத் தளபதி சக்கோட்டே 38 டார்பிடோதான் இருக்கு, தீர்ந்தா வேற கிடைக்காதுன்னு சொல்றார். அந்தக் கண்டிப்பு ஷட்டில் விஷயத்துல இல்லவே இல்லை. நொறுங்க நொறுங்க அடுத்தது தயாரா வருது. டெல்டா ஃப்ளையரைக் கட்டிக் காட்டினதோட பெரிய நல்லது, கலன் எங்கேருந்து வருதுங்கற கேள்விக்கு அப்பத்தான் திரையில ஒரு பதில் கிடைச்சுது. அந்த விஷயத்துல வார்ப்முனை தம்பி பக்கம்தான் நான்.

---

செவ்வந்தி

யாரும் தொடாத ஒன்று, கலனைத் திரும்ப உள்ளே எடுப்பது. விபத்து அதிகம் நடக்கக்கூடிய கட்டம் இதுதான்.

மூலத் தொடரில் ஷட்டில் கூடத்துக் காற்றை முழுசாக வெளியேற்றி, சிப்பிக்கதவைத் திறந்து, சுழல்மேடையில் இறக்கி, கதவை மூடி, மறுபடி காற்றை நிரப்பவேண்டும். நிரம்பும்வரை உள்ளே ஒருவரும் நடமாட முடியாது. அவசரத்துக்கு உதவாத முறை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' காலத்தில் வாசலில் விசைப்புலம் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது, கலன் மட்டும் ஊடுருவி வரும். நேரம் மிச்சம். ஆனால் மின்சாரம் போனால் கூடமே வெட்டவெளி.

'எண்டர்பிரைஸ்' தொடரில் ஷட்டில்பாட் கப்பலின் அடிவயிற்றிலிருந்து கீழே இறங்குகிறது. திரும்பும்போது ஒரு கை நீண்டு வந்து மேலிருந்து கவ்வி இழுத்துக்கொள்கிறது. ஓட்டுநர் செய்யவேண்டியது கைக்குக் கீழே வேகம் பொருத்தி நிற்பது மட்டும். மூன்றில் எனக்குப் பிடித்தது இது. பிழைக்கு இடம் குறைவு, எங்கே பிழை வரும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது.

1989 படத்தில் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டார்கள். கேடயத்தை இறக்கி, இழுகதிரால் ஷட்டிலை உள்ளே வாங்கி, மறுபடி கேடயம் ஏற்ற 15 விநாடிக்கு மேல் ஆகும். கிளிங்கான் கப்பல் சுட அது போதும். அதனால் சூலு முழு வேகத்தில் கையாலேயே உள்ளே விடுகிறார். கூடத்தில் விரித்த தடுப்புவலை கலனைப் பிடிக்கிறது. போர்க்காலத்தில் ஷட்டிலின் உண்மையான பலவீனம் அதன் ஆயுதமோ வேகமோ இல்லை, தாய்க்கப்பல் அதற்காகக் கேடயத்தை இறக்கவேண்டும் என்பதே. இந்தக் காட்சியைப்போல அதைத் தெளிவாகச் சொன்னது வேறில்லை.

---

தூரதேசி

சிறப்பு வேலைக் கலன்களையும் சொல்லிவிடலாம். 1973 அனிமேஷன் தொடரில் நீருக்குள்ளும் போகும் அக்வாஷட்டில் வந்தது. நேரடித் தொடரில் இதைக் கட்டியிருக்கவே முடியாது. வரைய மட்டும் முடிந்ததால் வந்தது. 1979 படத்தில் ஸ்பாக்கைக் கொண்டுவரும் வல்கன் ஷட்டில் சுராக், வார்ப் நேசல் (வார்ப் எஞ்சின் கூடு) உள்ள சட்டத்தைப் பின்னால் விட்டுவிட்டு, ஆள் இருக்கும் பெட்டி மட்டும் கப்பலோடு இணைகிறது. அளவுகோல் சொன்ன பள்ளத்துக்கு இது அருமையான விடை. தூரம் போக ஒரு வண்டி, ஒட்டிக்கொள்ள ஒரு பெட்டி. பிற்காலத்தில் இதை ஏன் தொடரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதே படத்தின் வொர்க்பீயையும் மறக்கக்கூடாது. ஒருவர் உட்காரும் கூடு, முன்னால் பற்றுக்கைகள், பின்னால் சரக்குப் பெட்டிகளைத் தொடராகக் கோத்து இழுக்கலாம். எங்கேயும் தனியாகப் போகாது, போகவும் வேண்டாம்.

மாறாக, 2002 'நெமிசிஸ்' படத்து ஆர்கோ. தரையில் ஓட்டும் வண்டியைச் சுமந்துபோகும் ஷட்டில். டேட்டா தொலைவிலிருந்தே அதை இயக்கி வரவழைக்கிறார். தொலைவியக்கம் பயனுள்ளது. திறந்த வண்டிக்குக் கேடயம் இல்லை, கூரையும் இல்லை. அன்னியக் கோளில் அது பொருந்தாத தேர்வு.

---

வார்ப்முனை

வாயேஜரோட தட்டு வடிவ முன்பகுதிக்கு அடியில ஒட்டியிருக்கிற ஏரோஷட்டில்? அது இறங்கியிருந்தா ரன்னபவுட்டுக்குப் பக்கத்துல வந்திருக்குமே.

---

அளவுகோல்

வடிவம் இருந்தது, கணினிச் சோதனைக் காட்சிகூட ஃபவுண்டேஷன் இமேஜிங் செய்து பார்த்தது. ஏழு சீசனில் ஒருமுறையும் கதையில் இறங்கவில்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கப்பலான எண்டர்பிரைஸ்-டி தட்டின் அடியில் இருந்த கேப்டன் படகுக்கும் அதே கதி. அந்தவகைக் கலனைத் திரையில் பார்க்க 1998 'இன்சரக்‌ஷன்' படத்தின் கூஸ்டோ வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பறக்காத கலனை எண்களால் ஒப்பிட நான் தயாரில்லை.

அளவு எடுத்து ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு முறை. கலனின் கதவருகே ஆள் நேராக நிற்கும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். ஆளின் உயரத்தையும் கதவின் உயரத்தையும் திரையில் அளந்து விகிதம் எடுங்கள். ஆள் கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்றாலும் விகிதம் கெட்டுவிடும். பாதம் கதவின் வாசற்படியில் இருக்கவேண்டும். அகலக்கோண லென்ஸில் எடுத்த காட்சியையும் ஓரத்தில் விழும் உருவத்தையும் தள்ளிவிடுங்கள். வேறு வேறு எபிசோடிலிருந்து குறைந்தது மூன்று காட்சி எடுத்து, கதவை வைத்து முழு நீளத்தைக் கணக்கிடுங்கள். உட்புறக் காட்சியில் தனியாக இதையே செய்யுங்கள். உள், வெளி இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திகைக்கவேண்டாம். செவ்வந்தி சொன்னபடி அவை இரண்டு தனி செட்.

---

கப்பல்தச்சன்

புதுசா பார்க்கிறவங்க இந்த வரிசையில பாருங்க: 'தி கலிலியோ செவன்', 'டைம் ஸ்குவேர்ட்', 'டைம்ஸ்கேப்', 'எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்', 'ஷட்டில்பாட் ஒன்'. ஒவ்வொண்ணுலயும் காத்து, எரிபொருள், வெளிக்கூடு, சைகை இந்த நாலுல எது முதல்ல தீருதுன்னு ஒரு தாள்ல குறிச்சுக்கிட்டே வாங்க. முடிச்சதும் 'லோயர் டெக்ஸ்' பாருங்க. செரிட்டோஸ் கப்பலோட டைப் 6A ஷட்டில்களுக்கு யோசமிட்டி, செக்கோயான்னு கலிபோர்னியா தேசியப் பூங்காக்களோட பேர். 1989 படத்துக்குக் கட்டின அந்தச் சாய்ஞ்ச முகம் அங்கேயும் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.